குரலை எடுக்கிற பட்டன்

தம்பி சிலேட்டைத் திருப்பிக் காட்டினான். 'ஆம்ப்ளிஃபயர் வாங்கணும். பாட்டுக் கேக்க, கரோக்கே பாட' என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி வார்த்தையை மறுபடியும் படித்தேன். பாடுவதற்கு அவனிடம் குரல் இல்லை. தொண்டையில் புற்று வந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. ஓட்டையை மறைத்து எப்போதும் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பான். மூச்சு விடும்போதெல்லாம் அந்தத் துணி உள்ளே போகும், வெளியே வரும். பேச்செல்லாம் மகளின் பழைய சிலேட்டில்தான்.

"ஏலே, யாரு பாடப் போறது?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. யோசிப்பதற்கு முன்னால் வார்த்தை வெளியே போய் நின்றுகொள்ளும்.

அவன் சிரித்தான். சத்தம் கிடையாது, துணி மட்டும் ஆடியது. சுவரோரம் நின்ற மகளைக் கை காட்டினான். எட்டாவது படிக்கிற பிள்ளை. வெட்கப்பட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. தம்பி மனைவி என்னிடம் நேராகப் பேச மாட்டாள், எதையும் பிள்ளையிடம்தான் சொல்வாள். "பெரியப்பாவுக்குத்தான் கரண்டு சாமானப் பத்தித் தெரியும். அவுகளே பாத்து வாங்கட்டும், நம்ம வசதிக்குத் தக்கன இருந்தாப் போதும்னு சொல்லு" என்றாள்.

திருச்சுழியில் எனக்கு மோட்டார் வைண்டிங் பட்டறை, எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. இந்தச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் தண்ணீர் இறங்க இறங்க மோட்டார் எரியும், அதனால் எனக்குப் பிழைப்பு ஓடுகிறது. செம்புக் கம்பியைப் பற்றி என்னிடம் கேட்கலாம். பாட்டைப் பற்றிக் கேட்கக் கூடாது. பாட்டெல்லாம் தம்பியின் சொத்து.

வேடிக்கை என்னவென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல். போனில் பேசினால் பெற்ற தாயே தடுமாறுவாள். அதே குரலை வைத்துக்கொண்டு அவன் பாடினால் சோற்றுப் பந்தியில் இருப்பவன்கூட இலையை விட்டுத் தலை நிமிர்வான். நான் பாடினால் நாய் எழுந்து போகும். காதுகுத்து, கல்யாணம், கோயில் பொங்கல், எங்கே மைக் கட்டினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஊரில் அவன் பாட்டுக்காரன், நான் பாட்டுக்காரனோட அண்ணன். மூத்தவன், பட்டறை வைத்திருப்பவன், இவன் நிலத்து மோட்டாரையும் சேர்த்துப் பார்ப்பவன், எனக்குப் போய் அப்படி ஒரு பெயர். இதில் எனக்கு எரிச்சல் இருந்தது. பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன், இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது.

அடுத்த நாள் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ். தம்பி மகள் அதில் பத்துப் பன்னிரண்டு பாட்டு ஏற்றிக் கொடுத்திருந்தாள். கடைசியாக ஒன்று மட்டும் சினிமாப் பாட்டு இல்லை. அந்தப் பிள்ளையின் காதுகுத்து அன்று, தள்ளித் தள்ளிப் போய் ஆபரேஷனுக்கு முந்தின வருஷம்தான் நடந்தது அது, குலசாமி கோயிலில் தம்பி பாடியது. என் மனைவிதான் போனைப் படுக்கைவாட்டில் பிடித்து வீடியோ எடுத்தாள். தம்பி பாடினதில் கடைசிவரை நிலைத்தது அது ஒன்றுதான். மற்ற நாளெல்லாம், இவன் எப்போதும் பாடிக்கொண்டுதானே இருக்கப் போகிறான் என்று யாரும் எடுக்கவில்லை.

கடைக்காரருக்கு என் வயதிருக்கும். மூன்று ஆம்ப்ளிஃபயரை வரிசையாக மேஜைமேல் வைத்தார்.

"டப்பா மேல எழுதிருக்க வாட்ஸ நம்பாதீக. ஆயிரம்னும் எழுதலாம், பத்தாயிரம்னும் எழுதலாம். கையில தூக்கிப் பாருங்க. உள்ள டிரான்ஸ்ஃபார்மர் கனமா இருந்தாத்தான் சத்தம் கூட்டும்போது உடையாது."

இது எனக்குப் புரிகிற பேச்சு. தூக்கிப் பார்த்தேன். முதலாவது, தட்டு மாதிரி லேசாக இருந்தது. ப்ளூடூத் உண்டு, விளக்கு உண்டு, கலர் கலராக மின்னியது. பாட்டைப் போட்டு ஒலியைப் பாதிக்குமேல் கூட்டியதும் கரகரத்தது. அதை ஒதுக்கிவிட்டேன். இரண்டாவது நல்ல கனம். இரண்டு மைக் சொருகலாம், மைக்குக்குத் தனியாக எக்கோ திருகு, பாட்டுக்குத் தனியாகத் திருகு. மூன்றாவது உள்ளூரிலேயே பூட்டிய தகரப் பெட்டி. அதிலும் மைக்கும் எக்கோவும் உண்டு. பார்க்க லட்சணமில்லை, ஆனால் கனத்தில் இரண்டாவதற்குச் சளைத்ததில்லை.

"ரெண்டாவதுதான் உங்களுக்குத் தோது. இதுல கரோக்கே பட்டன் இருக்கு. அமுக்குனா பாட்டுல இருக்க குரல எடுத்துரும், மியூசிக்கு மட்டும் நிக்கும்" என்றார். "ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒண்ணு போல வாரது எதுவோ, அத மட்டும் கழிச்சிரும். நடுவுல நிக்கிறவன் போயிருவான், ஓரத்துல நிக்கிறவன் இருப்பான்."

பென் டிரைவைச் சொருகி, எந்தப் பாட்டு என்று பார்க்காமல் அமுக்கினார். தம்பியின் குரல் வந்தது.

இத்தனை பெரிய சத்தத்தில் அதைக் கேட்டு வருஷமாகியிருந்தது. கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பாடுனதா? பேசுற குரலு அப்படியே இருக்கே" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பட்டனை அமுக்கிவிட்டார்.

தம்பி போய்விட்டான். பாட்டின் நடுவிலேயே, ஒரு வரி பாதியில் இருக்கும்போதே போனான். வலது பக்கம் நின்ற மேளக்காரரின் அடி இருந்தது. பிள்ளைகளின் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம், எங்கோ ஒரு ஆட்டின் கழுத்து மணி, எல்லாம் இருந்தன. அவன் இருந்த இடம் மட்டும் காலியாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது இடது ஸ்பீக்கரிலிருந்து ஒருவன் பேசினான். மிக அருகில், என் காதுக்குள் வாயை வைத்துப் பேசுவது மாதிரி.

"இவன் வாயி என்னைக்குத்தான் அடைக்குமோ. அடைச்சாத்தான் நமக்கெல்லாம் நிம்மதி."

பிறகு ஒரு சிரிப்பு.

கடைக்காரர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாடுனவரு குரல எடுத்தாச்சே. மறுபடி அவரே பேசுறாரே, இது எப்படி?" என்றார். போனைப் பிடித்திருந்த மனைவிக்கு இடது பக்கம் நான் நின்றது நினைவுக்கு வந்தது. பேசியதும் நினைவுக்கு வந்தது. யாரிடமோ வேடிக்கைக்குச் சொன்னது, சொன்ன நிமிஷமே மறந்தும் போனேன். அன்றைக்கே தம்பிக்குத் தொண்டை கரகரப்பு இருந்ததாம். இது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

மூன்றாவது பெட்டியை எடுத்துக் கட்டச் சொன்னேன். "பட்டன் இருக்கதுக்கும் இதுக்கும் ரேட்டுல பெருசா வித்தியாசமில்ல, எதுக்கு இத?" என்றார் கடைக்காரர். இதுதான் போதும் என்றேன். இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் ஒரு மைக்கும் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது பென் டிரைவை விரலில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தேன். அந்தப் பாட்டை அழித்துவிடலாம். மனைவியின் அந்த போன் எப்போதோ உடைந்துவிட்டது, ஆனால் அவன் போனிலும் அது இருக்கிறது. அதையும் எப்படியாவது வாங்கி அழித்தால், அவன் குரல் என்று இந்த உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது. வாய் அடைக்கட்டும் என்று சொன்னவனே அதையும் செய்வதா? அழிக்கக் கை வரவில்லை. தம்பி காதில் அந்தப் பேச்சு விழுந்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டில் மாட்டினேன். சூட்டுக் காற்றுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. பிள்ளை முதலில் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"கரோக்கே பட்டன் இல்லையா பெரியப்பா?"

"அது எதுக்கு? குரல் இல்லாத மியூசிக் நெட்டுலயே கெடக்கு. எடுத்துப் பாட வேண்டியதுதான."

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். துணி உள்ளே போனது, வெளியே வந்தது. நான் குனிந்து வேலையைப் பார்த்தேன்.

இடம் சின்னது, இரண்டு ஸ்பீக்கரையும் அலமாரி மேல் ஒட்டினாற்போல வைத்தேன். ஒயருக்குப் பட்டறையில் மிஞ்சிக் கிடந்த இரட்டை ஒயர், இரண்டும் ஒரே நிறம். பெட்டியில் சிவப்பு, கறுப்பு என்று அடையாளம் இருந்தது. நான் பார்க்கவில்லை. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஒயரை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் மோட்டார் அதே பக்கம்தான் சுற்றும், இதுவும் இரண்டு ஒயர்தானே என்ற மிதப்பு. இத்தனை வருஷத் தொழில் கொடுத்த மிதப்பு அது. ஸ்பீக்கரில் அப்படி இல்லையாம். ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் மாற்றிக் கொடுத்தால் அது முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். இரண்டிலும் ஒன்றுபோல் வருகிற சத்தம், அதாவது நடுவில் நிற்கிற குரல், ஒன்றையொன்று தின்றுவிடும். எந்தப் பட்டனுக்குப் பயந்து நான் அந்தப் பெட்டியை வேண்டாம் என்றேனோ, அந்தப் பட்டனை என் கையாலேயே கட்டி வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துக் கடைக்காரரைப் போனில் கேட்டபோதுதான் இது புரிந்தது.

முதலில் ஒரு சினிமாப் பாட்டு. "பெரியப்பா, பாடுறவுக கெணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு" என்றாள் பிள்ளை. ரூம் சின்னது, அதனால் அப்படித்தான் கேட்கும் என்றேன். தம்பி எழுந்து வந்து பெட்டியின் பட்டனை அமுக்கிக்கொண்டே போனான். ஒவ்வொரு பாட்டாகத் தாண்டினான். எங்கே போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அது பழசு, சரியா எடுக்கல. வேற போடு" என்றேன்.

அவன் போட்டான். மேளம் கேட்டது. ஆட்டு மணி கேட்டது. அவன் குரல் எங்கோ தூரத்தில், மெலிந்து, பாதி கரைந்து வந்தது. பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்த வீட்டுக்குள் நான் பேசினேன். நான் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்க, அலமாரி மேலிருந்து நான் பேசினேன். தெளிவாக, நிதானமாக, ஒரு எழுத்து விடாமல். பிறகு சிரித்தேன்.

தம்பி மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பிள்ளை தரையைப் பார்த்தாள். அவன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவன் சட்டைப் பையிலிருந்து இயர்போனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். வலது பக்கத்து ஒயர் அறுந்து தொங்கியது. இடது பக்கம், என் பேச்சு பதிந்த பக்கம், மட்டும் வேலை செய்கிற இயர்போன். சிலேட்டை எடுத்து எழுதினான். 'தெனமும் கேக்கேன்.'

ஒரு வருஷமாக. நான் வாரம் தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போன அத்தனை நாளும்.

"தெரியாமச் சொல்லிட்டேன்டா" என்றேன். அந்தக் குரலும் பெட்டியில் கேட்ட அதே குரலாகத்தான் இருந்தது. எனக்கே அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

அவன் சிலேட்டைத் துடைத்தான். மைக்கை எடுத்து அதன் சுவிட்சைத் தள்ளினான். அது கழுத்துக்கு அருகில் இருந்ததால் துணிக்குள்ளிருந்து வந்த அவன் மூச்சு பெட்டியில் கேட்டது. ஹ்ஹ... ஹ்ஹ... வீடு முழுவதும் அந்த மூச்சுதான். மைக்கை என் கையில் திணித்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை எழுதினான். 'பாடு.'

கோபமா, கேலியா, வேறு ஏதாவதா என்று அவன் முகத்தில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவனே பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டான். மேளம் தொடங்கியது. அவன் இருந்த இடம் காலியாக வந்து நின்றது.

பாடினேன். வரி தெரியும், எத்தனை விசேஷத்தில் எரிச்சலோடு கேட்டது. சுருதி எங்கோ போனது, எனக்குக் கவலையில்லை. என் குரலும் அந்தப் பெட்டிக்குள் போய் மெலிந்து, தூரமாகி, யாருடையதோ மாதிரி திரும்பி வந்தது. தம்பி எனக்கு எதிரே நின்று, ஒரு கையால் கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு வாயசைத்தான். ஒரு வார்த்தை முந்தவில்லை, ஒரு வார்த்தை பிந்தவில்லை. நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவன் துணியும் உள்ளே போனது. பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. தம்பி மனைவி ஈரக் கையோடு ஓடி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைக் என் கையில் இருந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அசைகிற அவன் உதட்டையே பார்த்தபடி, "பேச்சு வந்துருச்சா? ஏங்க, பேச்சு வந்துருச்சா?" என்று கேட்டாள். நான் பாட்டை நிறுத்தினால் அவன் வாயும் நின்றுவிடும் என்பதால், நிறுத்தாமல் பாடிக்கொண்டே இருந்தேன்.