கட்டைவிரல் சிலுவை

இது நடந்தது. நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன். கனவு எது, நிஜம் எது என்று எனக்குத் தெரியும். இப்போது மணி 11.40. விளக்கை அணைக்கவில்லை.

கொல்லிமலையில் குண்டனி நாடு எங்கள் ஊர். அம்மா பொன்னம்மாள் சேந்தமங்கலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். அங்கே இருந்த கன்னியாஸ்திரிகளோடு பழகி வேதத்தில் சேர்ந்துவிட்டாள். தினமும் நான் படுத்ததும் கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போடுவாள். மேலிருந்து கீழே ஒரு கோடு. குறுக்கே ஒரு கோடு.

“புள்ள நெத்தியில கொசுவா நசுக்குறே?” என்பார் அப்பா. அவருக்குப் பயந்து நானும் சிரிப்பேன்.

போன மாதம் அம்மா காய்ச்சலில் படுத்தாள். கடைசி நாள், என் நெற்றிக்குக் கையைக் கொண்டுவந்தாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள். அப்பா என்னையே பார்த்தார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தக் கை அப்படியே விழுந்தது.

கன்னியாஸ்திரிகள் ஜெபமாலையோடு வந்தார்கள். அப்பா வாசலிலேயே மறித்துச் சண்டை போட்டார். எங்கள் வழக்கப்படி அம்மாவின் கால் பெருவிரல்களையும் கைக் கட்டைவிரல்களையும் துணியால் சேர்த்துக் கட்டி, மழைக்கு முன்னால் அவசரமாகப் புதைத்தார்கள்.

நேற்று பதினாறாம் நாள் காரியம்.

ராத்திரி மணி 2.10. குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று அடங்கியது. வீட்டுக்குள் ஈர மண் வாசம்.

நெற்றியில் ஏதோ பட்டது.

ஜில்லென்று…

மேலிருந்து கீழே ஒரு கோடு.

ஆனால் ஒரு விரல் இல்லை. இரண்டு. ஒட்டிக்கொண்டு. நடுவே துணி உரசியது… சர்ர்…

குறுக்குக் கோடு பாதியில் நின்றது.

மறுபடி. மறுபடியும் பாதி.

மூன்று தடவை.

பிறகு… ஒன்றும் இல்லை.

காலையில் கண்ணாடி பார்த்தேன். நெற்றியில் செம்மண். இரண்டு விரல் அகலம்.

யாரிடமும் சொல்லவில்லை. இன்று சாயங்காலம், குழி வெட்டிய சின்னராசு மாமா அப்பாவிடம் தயங்கித் தயங்கிப் பேசியது காதில் விழுந்தது.

“மச்சான்… அன்னிக்கு சண்டையில மறந்துட்டனுங்க. குழியில எறக்கறப்போ கால்கட்ட அறுத்தேன். கைக்கட்ட அறுக்கல.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

“உடு. இனி அவ சிலுவை போட மாட்டா.”

தலைமாட்டில் கத்தரிக்கோல் வைத்திருக்கிறேன். இரும்பு பக்கத்தில் இருந்தால் செத்தவர்கள் கிட்டே வர மாட்டார்களாம்.

இரும்பு இல்லாமல் நான் எதைக்கொண்டு அறுப்பேன்?