ஒரே ஊசியில் இரண்டு

அவனியாபுரத்து வெயிலில் உட்கார்ந்து சாக்ஸ் பின்னுகிற ஒரே பெண்பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிற ஆன்சி டீச்சராகத்தான் இருக்கும். "என்னடி, கொடைக்கானலுக்கு மாற்றல் கேட்டிருக்கியா?" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிக்கவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள்.

சாக்ஸ் அவள் கணவர் தனிஸ்லாசுக்கு. சர்க்கரை நோயில் அவருக்கு இரண்டு பாதமும் மரத்துப்போயிருந்தது. கடையில் வாங்கிய சாக்ஸின் நுனித்தையல் உரசி விரல் புண்ணானதுகூட அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு புண் வந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த இரண்டு பாதங்களைக் காப்பாற்றுவதுதான் ஆன்சிக்கு வேலை.

ஃபோனில் பார்த்து, தையலே வராத புது முறை ஒன்றைப் பிடித்தாள். இரண்டு முனைக்கும் நடுவில் நீளமாக வயர் ஓடுகிற ஒரே ஊசி, இரண்டு நூலுருண்டை. விரல் நுனியில் தொடங்கி இரண்டு சாக்ஸும் சேர்ந்தே வளரும். இதில் ஒரு சுற்று, அதில் ஒரு சுற்று.

நூல் வாங்க விளக்குத்தூண் பக்கம் என்னையும் இழுத்துப் போனாள். அங்கே பின்னுகிற நூல் எதுவானாலும் பேர் உல்லன்தான். "காட்டன் உல்லன் குடுங்கண்ணே" என்றாள். கடைக்காரர் நீலம், மெரூன் என்று அள்ளிப் போட்டார். ஒவ்வொன்றாகக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு வெள்ளையை எடுத்தாள்.

"இம்புட்டுப் புழுதியில வெள்ளையா? கிறுக்கா ஒனக்கு?" என்றேன்.

"ரத்தம் கசிஞ்சா அவருக்குத் தெரியாதுக்கா. எனக்காச்சும் தெரியணும்ல."



சாக்ஸ் குதிகால் வரை வளர்ந்திருந்தபோது தனிஸ்லாஸ் மேலூருக்குத் துக்கம் கேட்கப் போனார். திரும்பி வந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற நெரிசலில் வலது செருப்பு கழன்று பஸ்ஸோடு போய்விட்டது. உச்சிவெயிலில் ஒற்றைச் செருப்போடு அவனியாபுரம் பஸ் நிற்கிற இடம் வரை நடந்திருக்கிறார் மனுஷன். "சுடவே இல்ல ஆன்சி" என்று வீட்டில் பெருமை வேறு. பாதம் முழுக்கக் கொப்புளம். எனக்கு அவரை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. ஆன்சி அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்து மருந்து போட்டாள்.

புண் ஆறவில்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் நடந்தபோதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். அழட்டும் என்று தோளில் கை வைத்தேன். கட்டையைத் தொட்ட மாதிரி இருந்தது. அவர் பாதம் மரத்த மாதிரி இவளுக்கு உடம்பெல்லாம் மரத்துவிட்டதோ என்று பயந்தேன். இதில் ஒரு சுற்று, அதில் ஒரு சுற்று. ஒன்றை ஊசியிலிருந்து கழற்றிவிடேன் என்று சொல்ல வந்து, உருண்டுபோன நூலுருண்டையை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் வீடு திரும்பிய வாரம் இரண்டும் முடிந்தன. நானும் பார்க்கப் போயிருந்தேன். தனிஸ்லாஸ் படுத்தபடியே கேட்டார்.

"ரெண்டு எதுக்கு ஆன்சி?"

அவள் ஒன்றை அவருடைய இடது காலில் மாட்டி, சுருக்கம் விழாமல் நீவிவிட்டாள்.

"சாக்ஸுக்கு ஏதுங்க எடது வலது? ஒண்ணு காயும்போது இன்னொண்ணு."