இரண்டு ஓம் லோடு

போன வாரம் கண்ணைக் காட்டுவதற்காக நெய்யூருக்கு ஒரு வாடகைக் காரில் போனேன். ஓட்டுநர் போனைத் தொட்டார். கதவுக்குள் எங்கிருந்தோ பாட்டு வந்தது. ஒரு கம்பிகூட வெளியே தெரியவில்லை. வெயிலில் கிடந்த கார் என்பதால் சூடான பிளாஸ்டிக் வாசனை மட்டும் இருந்தது. மற்றவர்களுக்கு அது புதுக் காரின் வாசனை. எனக்கோ, எங்கோ ஒரு கம்பி சுடுகிறது என்று அர்த்தம். முப்பத்துநான்கு வருடம் கரண்ட் ஆபீஸில் இருந்த மூக்கு. நான் ஓய்வு பெற்றேன், அது பெறவில்லை.

அந்த வாசனையோடு எனக்கு ரெஜி ஞாபகம்தான் வரும். ரெஜி என் மனைவியின் தம்பி. சவூதியில் ஒன்பது வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டு, 2008 வாக்கில், இனிப் போவதில்லை என்று ஊருக்கு வந்தவன். வந்த கையோடு பழைய பத்துப் பேர் வண்டி ஒன்றை வாங்கிக் கருங்கல் ஜங்ஷனில் வாடகைக்கு நிறுத்தினான். வீடு, மனைவி, பள்ளிக்கூடத்துக்குப் போகும் இரண்டு பெண்கள் எல்லாம் அந்த ஒரு வண்டியை நம்பித்தான். வண்டியோ இரண்டு வாரமாக நின்ற இடத்தில் நின்று வெயில் காய்ந்தது.

காரணம் பாட்டு. இன்றைக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த நாட்களில் வண்டி பேச வருகிறவர்கள் டயரைப் பார்ப்பதில்லை, பிரேக்கைப் பற்றிக் கேட்பதில்லை. பாட்டு எப்படி என்று மட்டும் கேட்பார்கள். எப்படி என்றால் காதுக்கு எப்படி என்றல்ல, நெஞ்சுக்கு எப்படி என்று. பின்சீட்டில் உட்கார்ந்தால் சட்டைப் பொத்தான் நடுங்கவேண்டும். அப்போதுதான் அது நல்ல வண்டி.

கடைசியில் குளச்சல் பக்கத்திலிருந்து திரேசம்மா என்று மீன் ஏலம் எடுக்கும் பெண் வந்து, வேளாங்கண்ணிக்கு ஞாயிறு காலை கிளம்பவேண்டும், பிள்ளைகளோடு பத்துப் பேர், ஆனால் பாட்டு நல்லா இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ரெஜி சவூதியிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தான். உள்ளே ஒரு ஆம்ப்ளிஃபயர், குழிப்பணியாரச் சட்டி அகலத்தில் இரண்டு சப்வூஃபர் ஸ்பீக்கர். மார்த்தாண்டத்துக் கடைகளில் கேட்டால், இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போ என்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை. அவன் நேராக என் வீட்டு முற்றத்துக்கு வந்து, தானே கம்பி பிடிக்கத் தொடங்கினான்.

நான் ஆபீஸ் விட்டு வந்து வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேட்காத இடத்தில் யோசனை சொல்வதில்லை என்பது என் கொள்கை. அதைப் பெரும்பாலும் பத்து நிமிடம்வரை கடைப்பிடிப்பேன். பதினோராவது நிமிடத்தில் அவனே சொன்னான்:

"அத்தான், பெட்டியில நாலு ஓம்முக்குக் கொறையப்பிடாதுன்னு என்னமோ எழுதியிருக்கு. ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் நாலு. நான் ரெண்டையும் சேத்துக் கெட்டி ரெண்டாக்கிட்டேன். லோடு பாதியாக் கொறஞ்சாச்சு."

முகத்தில் அப்படி ஒரு திருப்தி. பேப்பரை மடித்து வைத்தேன். இந்தத் தப்பை ஒரு டிரெய்லர் டிரைவரால்தான் செய்யமுடியும். அவனுக்கு லோடு என்றால் டன். நாலு டன்னைவிட இரண்டு டன் லேசு. எஞ்சினுக்கு நல்லது. அவன் ஆம்ப்ளிஃபயரின் சுமையை இறக்கி வைத்திருந்தான், பாவம்.

ஓம் என்பது சுமை அல்ல, தடை என்று பாடப்புத்தகத் தமிழில் ஆரம்பித்தேன். அவன் கண் என் தலைக்கு மேலே தென்னையைப் பார்த்தது. பிறகு கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை செக்போஸ்டைத் துணைக்குக் கூப்பிட்டேன். ஒரே கேட் இருந்தால் லாரி எப்படிப் போகும்?

"பையப் போவும்."

பக்கத்திலேயே இன்னொரு கேட்டையும் திறந்துவிட்டால்?

"ரெண்டு மடங்கு போவும்." சொல்லிவிட்டு நிறுத்தினான். "அய்யோ. அப்பம் அந்த ரோடு தாங்காதே."

அவ்வளவுதான். நான்கு வருடம் கல்லூரியில் படித்ததை ஒரு சுங்கக் கேட்டில் முடித்துவிட்டேன். இரண்டு ஸ்பீக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் கேட் இரண்டு. தடை பாதி, கரண்ட் இரட்டி, ஆம்ப்ளிஃபயர் அடுப்பு. ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸில் கோத்து வரிசையாகக் கட்டினால் ஒரு கேட் தாண்டி இன்னொரு கேட், தடை எட்டு. மீட்டர் வைத்துப் பார்த்தோம், அது எப்போதும் சற்றுக் குறைத்தே காட்டும். முதலில் இரண்டுக்கும் கீழே காட்டிய முள், மாற்றிக் கட்டியதும் ஏழுக்கு மேல் போய் நின்றது. சத்தம் குறையுமே என்று முனகினான். குறையும், ஆனால் வண்டி இருக்கும் என்றேன்.

அடுத்த சண்டை ப்யூஸுக்கு. ஆம்ப்ளிஃபயரிலேயே ப்யூஸ் இருக்கிறதே, பாட்டரி பக்கத்தில் இன்னொன்று எதற்கு என்றான். அது ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றும். முன்னாலிருந்து பின்னால்வரை டீசல் குழாயை ஒட்டிப் போகிற கம்பியை யார் காப்பாற்றுவது? பாட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ப்யூஸ் வைக்க வைத்தேன். அதோடு விடவில்லை. பதினோரு அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்து, அடியில் கையெழுத்தும் போட்டேன். பழக்கதோஷம். சீல் மட்டும்தான் வைக்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். ரெஜியின் போன் வந்தது. தூத்துக்குடி தாண்டி ரோட்டோரம் நிற்பதாகச் சொன்னான். பாட்டு பட்டென்று நின்றுவிட்டது. ப்யூஸ் போய்விட்டது, மாற்று ப்யூஸ் இல்லை. பின்னால் பிள்ளைகளின் பெகளம், ஒரே கூச்சல், எனக்குக் கேட்டது.

"அத்தான், ஒரு செம்புக் கம்பிய சுத்திட்டுப் போட்டுமா? வீட்டுல எல்லாரும் செய்யதுதானே."

வீட்டில் எல்லாரும் செய்வதுதான். அதைச் செய்துவிட்டு என் ஆபீசுக்கு வந்து நின்றவர்களின் முகங்கள் எனக்குத் தெரியும்.

"ரெஜி, கைய எடு. ப்யூஸ் சும்மா போவாது. எங்கயோ கம்பி வண்டி பாடியில தொடுது. நீ செம்பு சுத்தினா அது விடாது, வழியெல்லாம் பழுக்கும். பத்துப் பேரு இருக்காவ. பாட்டரியில இருந்து அந்தக் கம்பியவே கழத்து."

அவன் முதல் வாடகையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான், பாட்டு இல்லாத வண்டி என்று குளச்சல் முழுக்கப் பரவப்போகும் பேச்சை. அப்போது திரேசம்மாவின் குரல் போனில் தெளிவாக விழுந்தது:

"எய்யா, பாட்டு நின்னா நிக்கட்டு. நாங்க ஜெபமாலை சொல்லுதோம். நீ வண்டிய எடு."

ஸ்பானர் உரசும் சத்தம் கேட்டது. "கழத்தியாச்சு அத்தான்," என்றான். நான் போனை வைத்தேன். மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள், கேட்காமலே.

செவ்வாய்க்கிழமை வண்டி பத்திரமாகத் திரும்பியது. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தோம். பார்த்தது அவன், என் தொப்பை அனுமதிக்கவில்லை. எஞ்சின் பக்கமிருந்து கம்பி உள்ளே நுழையும் தகர ஓட்டையில் ரப்பர் வளையம் போடவில்லை. தகரத்தின் விளிம்பு கம்பியின் தோலை அறுத்துச் செம்பைத் தொட்டிருந்தது. ரெஜி என் பட்டியலை எடுத்துப் பதினோரு டிக்கையும் நிதானமாகப் படித்தான்.

"அத்தானுக்க லிஸ்டுல ஓட்டையே இல்ல. அதான் லிஸ்டு ஓட்டையாப் போச்சு."

வெள்ளிக்கிழமையே அந்தத் தொப்பையை எக்கிக்கொண்டு குனிந்திருந்தால் பார்த்திருப்பேன். நான் விட்டதை ஒரு சின்ன ப்யூஸ் பிடித்துக்கொண்டது. ரப்பர் வளையத்தைப் போட்டு, புது ப்யூஸ் வைத்தோம். திரேசம்மா அடுத்த வருடமும் அவனைத்தான் கூப்பிட்டாள். அவன் நிதானமானவன் என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தாள். அந்தப் பெயரில் வண்டி ஏழெட்டு வருடம் ஓடியது. அவன் பெண்கள் இருவரும் நர்சிங் முடித்தார்கள்.

இப்போது வண்டி பேசுகிறவர்கள் பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. ஆளுக்கொரு போன், காதுக்கொரு பொத்தான். மார்த்தாண்டத்தில் கார்களின் பின்கதவைத் திறந்து வைத்துப் பாட்டை அதிரவிட்டுக் காட்டிய கடைகள் மொபைல் கவர் விற்கின்றன. எனக்கு நிம்மதிதான், பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. அந்த வருடங்களில் ரெஜியின் வண்டி முக்குத் திரும்பும் முன்னமே எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். மனைவி எழுந்து போய்த் தேயிலைக்குத் தண்ணீர் வைப்பாள். அவன் உள்ளே வரும்போது தம்ளரில் ஆவி பறக்கும். இப்போது அவன் சத்தமில்லாத காரில் வந்து இறங்கி, கதவைத் தட்டிவிட்டு, தேயிலை கொதிக்கும்வரை காத்திருக்கிறான்.