எஞ்சினுக்கு இட்ட நாமம்

பாலக்கரையில் என் மாமனாருக்கு மரம் அறுக்கும் மில் இருந்தது. கைரம்பமே போதும் என்றவரை நச்சரித்து ஆயில் எஞ்சின் வாங்க வைத்தவன் நான். அதை ஓட்டுவதுதான் என் உத்தியோகம். அது போய்விட்டால் வீட்டோடு மாப்பிள்ளையான எனக்குச் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

கொஞ்ச காலம் ஜம்மென்று ஓடியது. பிறகு அதற்கு இளைப்பு கண்டது. சும்மா ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ரம்பத்தில் மரத்தைக் கொடுத்தால் போதும், கரும்புகையைக் கக்கி, முனகி, நின்றுவிடும். ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரின் வாசற்கதவுத் தேக்கு பாதி அறுபட்டுக் கிடந்தது.

"கிரகப்பிரவேசம் வருது. என் கதவுக்கு நாமந்தானா?" என்றார் அவர்.

மாமனார் என்னைப் பார்த்தார். "நாளைக்குள்ள இழுக்கலேன்னா இதை வித்துடலாம், மாப்பிள்ளை."

எண்ணெய்க் குழாயை ஊதினேன். பெல்ட்டை இறுக்கினேன். ரம்பத்தின் பல்லைத் தீட்டினேன். சனியன், அசைந்து கொடுக்கவில்லை. எரிச்சலோடு அதன் எதிரில் உட்கார்ந்தபோதுதான் அதன் முகம் கண்ணில் பட்டது.

மாமனார் தினமும் தமக்கு மூக்கு வரை இறங்கும் நாமம் இட்டுக்கொண்டு, மீந்த திருமண்ணை எஞ்சினுக்கும் சாத்துவார். முன்பக்கத்து வட்டச் சல்லடைதான் அதன் முகம் என்பது அவர் தீர்மானம். அன்றாடம் பூசிய மண் காய்ந்து காரைபோல் இறுகியிருந்தது. எஞ்சின் மூச்சை இழுப்பதே அந்தச் சல்லடை வழியாகத்தான்!

கண்டுபிடித்தாயிற்று, சொல்வது எப்படி? மகளை நான் அழவிட்டாலும் மன்னிப்பார், நாமத்தை அழித்தால் மன்னிக்கவே மாட்டார்.

"மாமா, பெருமாளுக்கே திருமஞ்சனம் உண்டு. இதுக்கு வாங்கினதிலேருந்து ஒரு தடவைகூட ஆகலையே?"

"அடடா, அபசாரம்!" என்று பதறி, வேட்டியை மடித்துக் கட்டி, சல்லடையைக் கழற்றச் சொல்லித் தாமே தேய்த்துக் கழுவினார். காயவைத்து மாட்டினேன். எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டுக் கர்ஜித்தது. தேக்கு வெள்ளரிக்காய்போல் அறுபட்டது. எனக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது.

"பாத்தீங்களா? பெருமாள் கேட்டது இவ்வளவுதான்" என்று மாமனார் பூரித்து, மறுபடியும் திருமண் பெட்டியைத் திறந்தார்.

பாய்ந்து குறுக்கே நின்றேன். "அதுக்கு வேண்டாம் மாமா. இனிமே எனக்குப் போட்டுவிடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து என் வெறும் நெற்றியைப் பார்த்து மனம் நொந்தவர் அவர். கண் கலங்கிவிட்டது. மண்ணைக் குழைத்துக்கொண்டு நெருங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மூக்கை மட்டும் விட்டுடுங்க மாமா. மூச்சு விடணும்."