முள் நகர்ந்த பிற்பகல்

ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே எங்கள் உணவானபின், அண்ணனின் பார்வை நடுவிலிருந்து அழியத் தொடங்கியது. எதை நேராக நோக்கினாரோ அது மறைந்தது. ஓரங்கள் மட்டும் எஞ்சின. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவருக்கு அது வெளியே சொல்லக்கூடிய நோயல்ல. ஜப்பானியர் தங்களுக்குப் பயன்படாத ஆண்களைச் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் எங்கள் சந்துக்கு எவரும் திரும்பியிருக்கவில்லை.

நான் இலக்கியம் பயின்ற கல்லூரி மூடப்பட்டுவிட்டது. ஆகவே மின்சாரம் அளக்கும் மீட்டரின் முள்ளை அவருக்காக நான் வாசித்தேன். முள் நிற்கும் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். "கிட்டத்தட்ட" என்றால் கோபித்துக்கொள்வார். கடைமுன் அஞ்சடி நடைபாதையில் யாரேனும் நின்றால், மீட்டரை அவர்பக்கம் நகர்த்திவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொள்வேன்.

ஒருநாள் காலை, ராணுவக் கூட்டங்களுக்கான ஆம்ப்ளிஃபையர் பெட்டி ஒன்றைச் சிப்பாய் ஒருவன் கொண்டுவந்து இறக்கினான். உடன் வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழர்.

"ஆரம்பத்துல நல்லாத்தான் பேசுது. கொஞ்ச நேரத்துல தொண்டை கட்டிடுது. போன கூட்டத்துல பெரிய அதிகாரி பேசறப்ப ஜனங்க சிரிச்சிட்டாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலம் வருவோம். சரியாகலன்னா உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு அந்த அதிகாரி கேக்கறார். சயாம்ல ஆள் பத்தலையாம்."

அவர்கள் போனதும் பெட்டியைத் திறந்தோம். பழுதை அறிய மின்சாரம் ஓடும்போதே அளப்பதுதான் முறை. ஆனால் உள்ளே ஓடுவது ஆளைக் கொல்லும் மின்சாரம். அண்ணனுக்கு முனைகள் தெரியா, நான் தொடுவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. இணைப்பைப் பிடுங்கிவிட்டு, குளிர்ந்த பெட்டியிலேயே ஒவ்வோர் உறுப்பாக அளந்தோம். ஒரு முனையைக் கழற்றி, மீட்டரின் கம்பிகளை வைத்து, எண்ணைச் சொன்னேன். மின்தடைகள் சரியாக இருந்தன. கண்டென்சர்களிலும் கசிவு காணவில்லை. கண்ணாடி வால்வுகளை வேறு பெட்டியில் மாட்டிப் பார்த்தோம், அவையும் நல்லவை.

உச்சிவேளை கடந்தது. எல்லா உறுப்புகளும் நன்றாக இருக்க, பெட்டி மட்டும் கெட்டிருந்தது. அண்ணன் வியர்வையைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சூடானாத்தான் கெடுது. நாம ஆறிப்போனதை அளந்துக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? உன்னைக் கைவைக்கச் சொல்லச் சொல்றியா?"

"வேற யார் வைக்கிறது? லாரி வந்து நிக்கறப்போ என் கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

நான் மின்சாரத்தைப் போட்டேன்.

"எடது கை முதுகுக்குப் பின்னாடி. எடுக்கவே கூடாது" என்றார். நெஞ்சின் குறுக்கே மின்சாரம் பாயாதிருக்க அது வழி. கறுப்புக் கம்பியைப் பெட்டியின் தகட்டில் கவ்வியால் மாட்டியிருந்தார். கடைசி வால்வுக்குப் போகும் கண்டென்சரின் கழற்றிய முனையில் சிவப்புக் கம்பியை வைத்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது; கசிவில்லையென்றால் அது அங்கேயே நிற்க வேண்டும். வால்வுகள் சூடேறின, கண்டென்சரில் பூசியிருந்த மெழுகு இளகி வாசனை எழுந்தது. முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலிருந்தேன்.

"நகருது."

"எவ்வளவு?"

"அஞ்சு. எட்டு. பன்னெண்டு... இன்னும் ஏறுது."

"கையை எடு! எடுத்துட்டியா?"

குளிர்ந்தபோது குற்றமற்றதாயிருந்த கண்டென்சர் சூட்டில் கசிந்தது. உபயோகமற்ற ஒரு பழைய வானொலியிலிருந்து வேறொன்றைக் கழற்றி மாற்றினோம்.

மாலையில் மொழிபெயர்ப்பாளர் ஒலிவாங்கியில் நெடுநேரம் பேசிப் பார்த்தார். குரல் கட்டவில்லை. சிப்பாய் தலையசைத்து, அண்ணனிடம் ஒரு சிகரெட்டை நீட்டினான். சற்றே விலகி நீண்ட அண்ணனின் கை வெற்றிடத்தைப் பிடித்தது.

சிப்பாயின் முகம் மாறியது. அண்ணனின் கண்முன் கையை ஆட்டிப் பார்த்து, கடுமையாக ஏதோ கேட்டான். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். மேசையடியில் இருந்த துடைப்பத்தையும், என் விரல்களில் ஒட்டியிருந்த மெழுகையும் பார்த்தார். பிறகு ஜப்பானிய மொழியில் வேகமாகப் பேசினார். சிப்பாய் என்னை உற்றுநோக்கிச் சிரித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான்.

"என்னங்க சொன்னீங்க?" என்றார் அண்ணன்.

"ரிப்பேர் பண்றது இந்தப் பொண்ணுதான், நீங்க சும்மா கூட இருக்கறீங்கன்னு சொன்னேன். உங்களைக் கொண்டுபோயிட்டா இந்தப் பொண்ணு வேலை செய்யாதுன்னும் சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்ல?" அவர் என் பக்கம் திரும்பினார். "இனிமே எங்க எது கெட்டாலும் உன்னைத்தான் கூப்பிடுவாங்க, தங்கச்சி. முகாமுக்கும் வரச் சொல்லுவாங்க. தனியாத்தான் போகணும்."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க!" என்று அண்ணன் எழுந்தார்.

"அதை சத்தமாச் சொல்லாதீங்க" என்று கூறி அவர் லாரியை நோக்கி விரைந்தார்.

முள் எங்கே நிற்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியும். அது ஏன் அங்கே நிற்கிறது என்பது அண்ணனுக்கு மட்டுமே தெரியும். அவர் கைகளால் மேசையைத் தடவிக்கொண்டே வந்து என் தோளைப் பற்றினார். லாரி கிளம்பிப்போன பிறகு, மீட்டரை என் பக்கம் நகர்த்தினார்.