கோழிக்கும் கண் கூசும்

போன வாரம் நாமக்கல் பக்கம் தங்கை சுமதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான்கு தடித்த சக்கரங்கள், பைக்குக்கு இருப்பதைப் போன்ற ஹேண்டில்பார், நெற்றியில் லாரிக்குப் போடுகிற எல்.இ.டி. வரிசை... ஏற்காட்டில் சுற்றுலாக்காரர்கள் ஓட்டித் தேய்த்த ஏ.டி.வி. அது. இப்போது கோழிப்பண்ணையில் உத்தியோகம்!

ஒரு விபத்துக்குப் பிறகு சுமதியின் இடது காலுக்கு நெடுந்தூரம் நடக்க வலுவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும் இந்த வண்டிதான் அவளைத் தோட்டத்தின் கோடி வரை கொண்டுபோகிறது.

கோடியில் இருப்பது இளங்கோழி ஷெட். பொழுது சாய்ந்தால் அங்கே விளக்குக் கிடையாது. கோழிகள் அடங்கியதும் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். மூச்சில் கரகரப்பு கேட்டால் சளி பிடித்திருக்கிறது என்று பொருள். அந்தப் பண்ணையில் அவளைப் போல் அதைக் கேட்பவர் வேறு யாரும் இல்லை.

போன மாதம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஹெட்லைட் எரிந்திருக்கிறது. திரும்பும்போது ஸ்டார்ட் செய்தால் வண்டியில் அசைவே இல்லை. பேட்டரி காலி! அவள் கணவர் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார். வழியிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"இனிமே பொழுது உழுந்தா நீ ஊட்டோட இருந்துக்க, சாமி. நான் பாத்துக்கறேன்."

அக்கறைதான். ஆனால், எத்தனை பெண்களின் உலகம் இப்படிப்பட்ட அக்கறையாலேயே சுருங்கியிருக்கிறது?

சுமதி வாதாடவில்லை. லாரிகளுக்கு வயரிங் செய்யும் முருகேசனை வரவழைத்தாள்.

"லைட்டுக்குன்னு தனி பேட்டரி வெச்சர்றேனுங்க. அது எவ்வளவு நேரம் எரிஞ்சாலும் ஸ்டார்ட்டிங் பேட்டரியத் தொடாதுங்க" என்றார் அவர்.

பேட்டரி சரி. விளக்கு எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. லாரிகளை அலங்கரித்தே பழகிய கை... சும்மா இருக்குமா?

நான் போன அன்று மாலைதான் வெள்ளோட்டம். ஷெட் முன்னால் சுமதி ஸ்விட்சைப் போட்டாள். பட்டப்பகல்! கூண்டுகளுக்குள் ஒரே சிறகடிப்பு, அலறல்.

"அணை, அணை!" மாப்பிள்ளை ஓடிவந்தார். "ஏனுங்க முருகேசு, இது கோழிப்பண்ணையா, டோல்கேட்டா?"

"வெளிச்சம் பத்தலைன்னு ஒரு சொல் வந்துறக் கூடாதுல்லங்க!"

"இதுக்குத்தான் சொன்னேன் சுமதி, நீ வர வேண்டாம்னு."

சுமதி விளக்கை அணைத்தாள். பிறகு முருகேசனிடம் கேட்டாள்:

"ஏனுங்கண்ணா, எதிர்க்க வார வண்டிக்காரருக்குக் கண்ணு கூசக் கூடாதுன்னு ஹெட்லைட்டுல கருப்புப் பொட்டு வெக்கறீங்கல்ல? கோழிக்கு மட்டும் கண்ணு இல்லீங்களா?"

முருகேசன் தலையைச் சொறிந்தார். மறுநாள் பக்கவாட்டு விளக்குகள் இறங்கின. மிஞ்சியவற்றின் மேல்பாதிக்குக் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அவற்றின் முகத்தைத் தரை பார்க்கத் திருப்பினார்.

அன்று மாலை சுமதி தனியாகப் போனாள். வெளிச்சம் பாதையில் மட்டும் பாய் விரித்தாற்போல் விழுந்தது. நாங்கள் காத்திருந்தோம். ஷெட் பக்கமிருந்து ஒரு சிறகடிப்பும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை; டார்ச்சை எடுத்துக்கொண்டு பாதி வழி வரை போய்விட்டார். நானும் சற்றுத் தள்ளி இருட்டில் பின்தொடர்ந்தேன்.

இன்ஜின் சத்தம் கேட்டது. அவர் அருகில் வண்டியை நிறுத்தினாள் சுமதி.

"மூணாவது வரிசைல கரகரப்பு கேக்குதுங்க. காலைல டாக்டர வரச் சொல்லோணும். ஆமா, நீங்க எதுக்கு இங்க தனியா நிக்கறீங்க? ஏறுங்க, ஊட்டுல எறக்கி உடறேன்."

மாப்பிள்ளை பின்னால் ஏறிக்கொண்டார்.

பாவம், கையிலிருந்த டார்ச்சை அணைக்கக்கூட மறந்துவிட்டார்!