சிமெண்டுத் தரையும் காலண்டர் மெத்தையும்

பன்றி வளர்க்கிறவன் குளித்துவிட்டு வந்தாலும் குளிக்காதவன் மாதிரி ஒதுங்கித்தான் நிற்கவேண்டும். இந்தத் தொழிலில் கிடந்து வந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காலி சீட்

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டோரம் என் கொட்டகை. சிமெண்டுத் தரை போட்டு வெள்ளைப் பன்றி வளர்த்தேன். காலையும் மாலையும் கழுவிவிட வேண்டும். இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச வருஷத்தில் மழை ஏமாற்றிவிட்டது. குடிக்கிற தண்ணீருக்கே லாரியைப் பார்த்துக் காத்திருந்த ஊரில் பன்றிக்கு எங்கே போவது? கழுவுவது குறைந்தது. நாற்றம் வீட்டுத் துணிமணியில் ஏறிவிட்டது.

என் மகள் தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேனில் போய்வந்தாள். பூ வைத்து, பவுடர் போட்டுத்தான் கிளம்புவாள். ஒரு சாயங்காலம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நின்னுக்கிட்டே வாராகப்பா, எம் பக்கத்து சீட்டுல மட்டும் யாரும் உக்கார மாட்டேங்காக."

மச்சினன் வழி

மல்லாங்கிணற்றில் என் மச்சினனும் பன்றிதான் வளர்த்தான். மண்தரையில் நிலக்கடலை உடைத்த தொலியை முழங்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தான். கழுவுகிற வேலையே கிடையாது. ஈரத்தைத் தொலி குடித்துக்கொள்ளும், பன்றியே கிளறிவிடும், நாற்றம் இல்லை. என் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஆனால் என் கல்யாணத்தன்று மாலை போட்டு என்னை அழைத்துவர வேண்டியவன், சினிமாவுக்குப் போய்விட்டான். அவனிடம் போய் யோசனை கேட்பதா?

மகளுக்காகப் பாதித் தரையை உடைத்தேன். தொலி போட்டால் அவன் வழியாகிவிடுமே என்று, சிவகாசி அச்சாபீஸில் வெட்டித் தள்ளும் காகிதக் கழிவை லோடு கொண்டுவந்து விரித்தேன். காலண்டர் அச்சடித்த கழிவு. ஈரம் பட்டதும் சாயம் இளகியது. ஒரு பன்றிக்கு வயிறு சிவப்பு, ஒன்றுக்குத் தொடை பச்சை. பிடித்துப்போக வந்த கறிக்கடைக்காரர் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வண்டி ஏறினார். "என்ன அண்ணாச்சி, பன்னியிலயும் பேன்சி ரகம் எறக்கிட்டீகளா?"

மஞ்சள் சேலை

ஆடி வந்தது. இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டத்திலிருந்து மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மா தண்ணீர் கேட்டு வேலியோரம் வந்தார். குடித்துக்கொண்டே உள்ளே பார்த்தவர் செம்பைக் கீழே வைத்துவிட்டார். பன்றிக் காலடியில் ஒரு மூக்குத்தி, பாதிக் கண், குங்குமம். கழிவென்றால் வெறும் ஓரத்துண்டு என்று நினைத்திருந்தேன். அச்சுப் பிசகிய அம்மன் படங்களும் அதில் கிடந்திருக்கின்றன.

மண்டிபோட்டுப் பொறுக்கினேன். சகதியைத் துடைக்கவும் கை கூசியது. அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. ஜன்னல் பூராவும் தலைகள். மகள் இறங்கி நேரே கொட்டகைக்குள் வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பொறுக்கினாள். நான் தலையே தூக்கவில்லை. அந்த அம்மா குரல் மட்டும் கேட்டது: "இந்தப் புள்ள மொகத்துக்காக நான் சும்மா போறேன்யா, ஆத்தா போவாளான்னு தெரியல."

தொலி

மறுநாள் மல்லாங்கிணற்றுக்குப் போனேன். மச்சினன் நாலு வார்த்தை ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பாவி, "வாங்க அத்தான், சாப்பிட்டீகளா?" என்றான். சாப்பாடு போட்டான். லோடு தொலியோடு கூடவே வந்து தன் கையாலேயே பரப்பிக் கொடுத்தான்.

ஒரே கூரைக்குக் கீழே அப்புறம்தான் வித்தியாசம் தெரிந்தது. சிமெண்டுப் பக்கம் மூக்கைப் பொத்தவேண்டும். தொலிப் பக்கம் குனிந்தாலும் ஈரமண் வாசம்தான். மீதித் தரையையும் உடைத்தேன். கொஞ்ச நாள் கழித்து மகள் வேனிலிருந்து இறங்கி வந்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத முகம். "இன்னைக்கு ஒரு அக்கா எம் பக்கத்துல உக்காந்தாகப்பா, பன்னிக்கெல்லாம் சாயம் போயிருச்சான்னு கேக்கதுக்கு."

இரண்டு விதமாகவும் வளர்த்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிமெண்டுத் தரைக்குத் தண்ணீர் வேண்டும், தொலி மெத்தைக்கு மச்சினன் தயவு வேண்டும், இதில் எது பெரிய கஷ்டம் என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.